தூசி எழாத இரண்டாவது குண்டு

துப்பாக்கிக் குண்டு நேராகப் போகும் என்று நான் முழுமனதாக நம்பியிருந்தேன். கண், துப்பாக்கி முனை, குறி மூன்றும் ஒரே கோட்டில் நின்றால் போதும், மீதியைக் குண்டு பார்த்துக்கொள்ளும். காலேஜ் என்.சி.சி.யில் இருபத்தைந்து கஜத்தில் அட்டையின் நடுவில் ஓட்டை போட்டவன் வேறு எதை நம்புவான்? "இருபத்தஞ்சுல விழறது இருநூத்தம்பதுல விழாதா? குண்டுக்கு என்ன, நடந்து போனா கால் வலிக்கவா போவுது?" என்று கேண்டீனில் அளந்திருக்கிறேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். எங்கள் ஃபேக்டரி மேனேஜரும் தலையாட்டினார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அது 1991. ஒரகடத்துக்கு உள்ளே தள்ளி, லாரிக்குப் பாடி கட்டும் கம்பெனி. சுற்றிலும் வயல். கேட்டில் நான் கன்மேன். சம்பள நாளில் பேங்க்கிலிருந்து பணம் வரும் ஜீப்பின் முன்சீட்டில் ஒரு .315 ரைஃபிளோடு உட்கார்ந்து வர வேண்டும். மற்ற நாட்களில் அதற்கு எண்ணெய் போட்டுத் துடைப்பதும், யாராவது பார்த்தால் மீசையைத் தடவிக்கொள்வதும்தான் வேலை. அந்த ரைஃபிளை நான் சுட்டதே கிடையாது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பின்னால் யாரும் இல்லை

ஆடி மாதம். மதியச் சாப்பாடு முடிந்து ஆட்கள் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் வெல்டிங் ஷெட்டில் கேஸ் ஹோஸ் பற்றிக்கொண்டது. மணல் வாளியைக் கொட்டி நெருப்பை அடக்கிவிட்டார்கள். ஆனால் பக்கத்தில் நின்ற அசிட்டிலின் சிலிண்டர் நன்றாக வெந்துபோயிருந்தது. பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது.

கேஸ் சிலிண்டரோடு வேலை செய்கிறவர்களுக்கு இது தெரியும். வெளியே நெருப்பு அணைந்தாலும் உள்ளே அசிட்டிலின் தானாகச் சூடேறிக்கொண்டே இருக்கும். பத்து நிமிஷத்திலும் வெடிக்கலாம், பொழுது சாய்ந்த பிறகும் வெடிக்கலாம். மணிக்கணக்கில் தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்க வேண்டும். ஃபயர் வண்டிக்கு போன் போட்டாகிவிட்டது. அது வெகு தூரத்திலிருந்து வர வேண்டும். தண்ணீர் ஹோஸ் இருந்தது, ஷெட்டின் மூலையில், சிலிண்டருக்கு எதிரிலேயே.

எல்லோரையும் கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டு மேனேஜர், நான், வெல்டிங் ஃபோர்மேன் அந்தோணி மூவரும் எடைமேடைச் சுவருக்குப் பின்னால் நின்றோம். அந்தோணிக்குச் சொந்த ஊர் பக்கத்து மண்ணூர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.

"பக்கத்து ரூமு பெயிண்ட் ஸ்டோர் சார். இது வெடிச்சா அதுவும் சேந்து பூடும். நான் போயி தண்ணியத் தொறந்து வுட்டுட்டு வந்துர்றேன்" என்றார் அந்தோணி.

"நீ கிட்ட போற நேரம் பார்த்து வெடிச்சா? உன் வீட்டுல நான் போய் என்னய்யா சொல்லுவேன்?" என்ற மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "துரை, வெளிநாட்டுல இந்த மாதிரி சிலிண்டரைத் தூரத்துல இருந்து ரைஃபிள்ல சுட்டு ஓட்டை போட்டுடுவாங்க. கேஸ் வெளியில வந்து எரிஞ்சு அடங்கிடும். உன்னால முடியுமில்ல? கேண்டீன்ல சொன்னியே!"

"முடியும் சார்" என்று ஒரு குரல் கேட்டது. யார் இந்த மடையன் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

அந்தோணி என் தோளைத் தட்டினார். "பார்த்துச் சுடுப்பா. நீ அடிச்சிட்டா நான் டீ குடிக்கப் போறேன். வுட்டுட்டன்னா உள்ள போறேன். அவ்ளோதான்."

அவ்வளவுதான். அவர் உள்ளே போவதும் போகாமலிருப்பதும் என் ஆள்காட்டி விரலில் இருந்தது.

அம்மியும் பறக்கும்

சிமென்ட் மூட்டை இரண்டைப் போட்டு அதன்மேல் ரைஃபிளை வைத்துக் குப்புறப் படுத்தேன். இருநூற்றைம்பது கஜம் இருக்கும். வெறுங்கண்ணுக்குச் சிலிண்டர் தெளிவாகத் தெரிந்தது. குறி வைத்ததும் காணாமல் போனது. துப்பாக்கி முனையில் குறி பார்ப்பதற்கு ஒரு சின்ன மணி உண்டு. மிளகு அளவுதான். அந்தத் தூரத்தில் அந்த மிளகு என் சிலிண்டரை முழுசாக மறைத்துவிட்டது. மணியைக் கொஞ்சம் இறக்கினால் சிலிண்டர் தெரிகிறது, ஆனால் இப்போது எதைக் குறி பார்க்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

தார் போட்ட தரையிலிருந்து கானல் எழும்பிக்கொண்டிருந்தது. சிலிண்டர் தண்ணீருக்குள் நிற்பதுபோல் நெளிந்தது. மூச்சு விட்டால் முனை ஏறி இறங்கியது. மூச்சை அடக்கினால் நெஞ்சு அடிக்கிற அடியில் முனை துள்ளியது. என் இதயம் அவ்வளவு உழைப்பாளி என்று அதுவரை எனக்குத் தெரியாது.

வெளியே நின்று கேட் கம்பி வழியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவன் கேட்டான்: "இன்னாபா, தூங்கிட்டாரா?"

சுட்டேன். ஷெட்டுக்கு வெகு முன்னாலேயே, வலப்பக்கம் ஒதுங்கி, தார் ஓரத்து மண்ணில் கோழி கிளறியதுபோல் தூசி எழுந்தது.

அப்போதுதான் புரிந்தது. குண்டும் எறிந்த கல்தான். கிளம்பியதுமே விழ ஆரம்பித்துவிடுகிறது. இருபத்தைந்து கஜத்தில் அது விழுவதற்குள் அட்டை வந்துவிடும், நாம் நேர்கோடு என்று நினைத்துக்கொள்வோம். அப்புறம் காற்று. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவன் நான். இத்தனூண்டு ஈயத்தை அது சும்மா விடுமா என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை.

"சரி, கொஞ்சம் மேல ஏத்திக்கோ" என்றார் மேனேஜர். ஏற்றினேன். எவ்வளவு ஏற்றினேன்? பயம் எவ்வளவோ அவ்வளவு. இடப்பக்கமும் கொஞ்சம் நகர்த்தினேன். சுட்டேன்.

தூசி எழவில்லை. சிலிண்டரில் பட்ட ஓசையும் இல்லை.

"பட்டுச்சா?" என்றார் மேனேஜர். நான் தலையைத் தூக்கி, முதல் தடவையாக, சிலிண்டருக்குப் பின்னால் பார்த்தேன். ஷெட்டுக்கு அந்தப் பக்கம் சுவரே இல்லை, முள்கம்பி வேலிதான். வேலிக்கு அப்பால் வரப்பு, வயல், ஆடு ஓட்டிப் போகும் பாதை, ஒரு பம்புசெட் கொட்டகை. தினமும் கேட்டிலிருந்து பார்த்த இடம். கேண்டீனுக்குக் கீரை வருவதே அங்கிருந்துதான். குறியைப் பார்த்த நேரத்தில் அதெல்லாம் என் கண்ணுக்கு உலகத்திலேயே இல்லாமல் போயிருந்தது.

"இன்னொண்ணு போடு துரை. ரெண்டுக்கும் நடுவுல."

"முடியாது சார்."

"என்ன முடியாது?"

"எனக்குச் சுடத் தெரியாது சார். ரெண்டாவது குண்டு எங்க போச்சுன்னும் தெரியல."

அந்தோணி ஒரு சாக்கைக் குழாயில் நனைத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "வுடுப்பா. நீ போட்ட சத்தத்துல அது பாதி பயந்திருக்கும். மீதிய நான் பார்த்துக்கிறேன்."

அடுக்கி வைத்திருந்த சேஸிஸ் இரும்புகளுக்குப் பின்னால் குனிந்தபடியே போனார். ஹோஸின் வாயைத் தூணோடு சேர்த்துக் கட்டி, சிலிண்டர் பக்கம் திருப்பி, வால்வைத் திறந்துவிட்டு, வந்த வழியே தவழ்ந்து வந்தார். தண்ணீர் பட்டதும் சிலிண்டரிலிருந்து ஆவி குப்பென்று எழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என்னைத் தாண்டிப் போய்க் குழாயில் முகம் கழுவிய பிறகுதான் திறந்தேன்.

ஆடெல்லாம் சரியா இருக்கா

ஃபயர் வண்டி வந்து பொறுப்பை எடுத்துக்கொண்டதும் நான் வேலிக்கு அந்தப் பக்கம் கிளம்பினேன். அந்தோணியும் கூடவே வந்தார்.

"நான் பார்த்துட்டு வரேண்ணா. நீங்க போங்க."

"தனியா போயி, எவனாவது ஒருத்தன் வூட்டுல அழுகைச் சத்தம் கேட்டா இன்னா பண்ணுவ? நட."

பாதையில் ஒரு அம்மா ஆடு ஓட்டிக்கொண்டு வந்தார். "ஏம்மா, ஆடெல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்குக் கேக்குற? வாங்க வந்தியா, ஓட்டிக்கினு போவ வந்தியா?" என்றார் அந்த அம்மா. திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். எதிரே வந்த ஒவ்வொருவரையும் தலையிலிருந்து கால்வரை பார்த்தேன். நடக்கிறார், பேசுகிறார், முறைக்கிறார் என்றால் சரி, அடுத்த ஆள்.

கடைசியாக மிஞ்சியது பம்புசெட் கொட்டகை. அது கீரைக்காரர் கோவிந்தசாமியுடையது. மதியம் கரண்ட் வரும்வரை அவர் அங்கே கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்பது எங்களுக்கெல்லாம் தெரியும். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. ஆளைக் காணோம். என் கால் வாசலிலேயே நின்றுவிட்டது. அந்தோணிதான் உள்ளே போனார். கட்டிலைக் குனிந்து பார்த்தார். பிறகு, "துரை, வந்து பாரு" என்றார்.

செக்யூரிட்டி வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் இரண்டு விஷயம் சொல்வதுண்டு. தெரியாததைத் தெரியாது என்று, கையில் ரைஃபிள் வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். குறியைப் பார்ப்பதற்கு முன்னால் குறிக்குப் பின்னால் பாருங்கள். சிரித்துக்கொண்டுதான் சொல்வேன். அவர்களும் சிரித்துக்கொண்டுதான் கேட்பார்கள். கொட்டகைக்குள் பார்த்ததைச் சொன்ன பிறகு யாரும் சிரித்ததில்லை.

சிலிண்டர் வெடிக்கவில்லை. மறுநாள் காலைவரை அதன்மேல் தண்ணீர் ஊற்றினார்கள். அந்தோணி வழக்கம்போல் ஷிஃப்ட்டுக்கு வந்தார். ரைஃபிளை மேனேஜர் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தார், அது திரும்பி வரவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டாவது குண்டு கொட்டகையின் ஓலைத் தட்டியைத் துளைத்து, கட்டிலில் கோவிந்தசாமி தலைக்கு வைத்துக்கொள்ளும் சாக்குச் சுருளைத் துளைத்து, பின்பக்கச் செங்கல் சுவரில் புதைந்திருந்தது. அன்றைக்குக் கரண்ட் சீக்கிரம் வந்துவிட்டதால் அவர் எழுந்து மடை திருப்பப் போயிருந்தார்.