தொண்டி வண்டிக்கு ஒரு நடைமேடை

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி இரண்டு நிமிடத்துக்குத் தொண்டி வண்டி இராமநாதபுரம் பழைய பேருந்து நிலையத்துக்குள் நுழைந்தது. தங்கப்பாண்டி தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்தபடியே நேரத்தைக் குறித்துக்கொண்டார். இரண்டு நிமிடத் தாமதத்துக்குச் சிவப்பு மை கிடையாது. மூன்று நிமிடம்வரை அவர் மன்னிப்பார். பேனாவை மூடப் போனவர், மூடாமல் அப்படியே இருந்தார். வண்டியின் பின்படியிலிருந்து பெண்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.

தலையிலோ இடுப்பிலோ ஆளுக்கொரு அலுமினியக் கூடை. ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட எதிரே இருந்த மீன் மார்க்கெட்டை நோக்கி நடந்தார்கள். தங்கப்பாண்டியின் விரல்கள் பழக்கத்தில் எண்ணத் தொடங்கின. பதினெட்டு, இருபத்தாறு, முப்பத்தைந்து. கடைசிப் பெண் இறங்கியபோது நாற்பத்தொன்று.

இன்னும் மூன்று மணி நேரத்தில், பதினொரு மணிக்கு, புதிய பேருந்து நிலையத்தின் வரைபடம் நகராட்சிக் கூட்டத்தில் ஒப்புதலுக்கு வருகிறது. இந்தப் பழைய நிலையத்தை இடித்துவிட்டு அதே இடத்தில் கட்டப் போகிறார்கள். வரைபடத்தோடு ஒரு வாரப் பயணிகள் கணக்கு என்று, நாளுக்கு இரண்டாகப் பதினான்கு தாள்கள் இணைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு தாளின் அடியிலும் தங்கப்பாண்டியின் கையெழுத்து. அதில் செவ்வாய்க்கிழமைத் தாளில், தொண்டி வண்டிக்கு நேரே, சுமையோடு இறங்கியவர்கள் என்ற கட்டத்தில் அவர் எழுதியிருந்த எண் நான்கு.

அவர் சொந்த ஊர் நயினார்கோவில். நெல்லும் மிளகாயும் விளையும் பூமி. கடல் அங்கிருந்து வெகு தூரம். பதினெட்டு வருடம் பரமக்குடித் தடத்தில் தனியார் பேருந்தில் கண்டக்டராக இருந்தார். ஒரு மழைநாளில் படியிலிருந்து வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்தது. நின்றுகொண்டே ஓட முடியாது என்று ஆனபின், பேருந்து உரிமையாளர் சங்கம் அவரை நேரக் காப்பாளராக இந்தக் கூண்டில் உட்கார வைத்தது. இரண்டு வருடமாகத் திங்கள், புதன், சனி அவர் முறை. மற்ற நாட்களில் வேறொருவர் வருவார்; தங்கப்பாண்டி ஊரில் மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சுவார். இன்று எப்படியும் கூட்டத்துக்கு வர வேண்டுமே என்று காலை முறையை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். செவ்வாய்க்கிழமையில் இந்தக் கூண்டுக்குள் அவர் உட்காருவது இதுதான் முதல் தடவை.

ஏழு நாளும் எண்ண வேண்டும் என்றுதான் தாளைக் கொடுத்தார்கள். அவர் தன் முறை நாள் மூன்றையும் ஓர் ஆள் விடாமல் எண்ணினார். மிச்ச நான்கு நாட்களுக்குத் திங்கட்கிழமைக் கணக்கைப் பார்த்து எழுதினார். ஏமாற்ற வேண்டும் என்று எழுதவில்லை. நேரக் காப்பாளருக்குக் கிழமை என்று ஒன்று கிடையாது. எட்டு மணி வண்டி திங்களும் எட்டு மணி, ஞாயிறும் எட்டு மணி. வண்டி மாறாதபோது ஆட்கள் மட்டும் ஏன் மாறப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

கூண்டுக்கு வெளியே சிமெண்டுத் திட்டில் ஒரு பெண் கூடையை இறக்கி வைத்து, தலைச் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். திருப்பாலைக்குடி பூமயில். ஐம்பது வயதிருக்கும். திங்கட்கிழமைகளில் நண்டோடு வரும் நான்கு பேரில் ஒருத்தி.

"என்ன கூண்டுக்காரரே, செவ்வாக்கெழம மூஞ்சி புதுசா இருக்கு?"

"ஏத்தா, தெனமும் இம்புட்டுப் பேரா வாரீக?"

"தெனமும் வர மீனு என்ன மரத்துலயா காய்க்குது? திங்க, புதன், சனி விசைப்படகு கடலுக்குப் போற நாளு. மறுநா விடியத்தான் கரைக்கு வரும். செவ்வா, வியாழன், ஞாயிறு வந்து பாருங்க, வண்டியில நிக்க எடமிருக்காது. இது தெரியாமயா ரெண்டு வருசமா இங்கன குந்தியிருக்கீக?"

"எனக்குக் கடல் தெரியாதுத்தா. நான் நயினார்கோவிலு."

"கடல் தெரியாட்டிப் போகுது. மூக்குமா இல்ல?"

திட்டில் சாய்ந்திருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். தங்கப்பாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை. சொல்லிவிடுவதே நல்லது என்று பட்டது.

"புது ஸ்டாண்டு கட்டுனா உங்க வண்டி இங்கன வராது. ஆள் கம்மின்னு தொண்டி வண்டிய மட்டும் பைபாஸ்ல நிப்பாட்டப் போறாக."

பூமயில் கையிலிருந்த சும்மாட்டைச் சுற்றுவதை நிறுத்தினாள். "அங்கன இருந்து மார்க்கெட்டு ரெண்டரை மைலு. மீனு நாத்தம்னு ஆட்டோக்காரன் ஏத்த மாட்டான். நடந்து வந்து சேரங்குள்ள ஐஸு கரைஞ்சு மீனு கொழகொழன்னு ஆயிரும். அத எவ வாங்குவா?" பிறகு கேட்டாள்: "ஆள் கம்மின்னு எவன் எழுதிக் குடுத்தான்?"

அவர் அதுவரை திறந்தே இருந்த பேனாவை மூடினார். அவள் அவரையே பார்த்தாள். பிறகு கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

எட்டே காலுக்கு அவர் ஜுமானாவுக்குப் போன் போட்டார். கீழக்கரைப் பெண், வரைபடம் தயாரித்த குழுவின் பொறியாளர். படிப்பு முடித்தபின் அவள் கையில் எடுத்த முதல் வேலை இது.

"சொல்லுங்கண்ணே, கிளம்பிட்டீங்களா?"

"ஏம்மா, தொண்டி வண்டிக் கணக்கு தப்பு. நாலு இல்ல. நாப்பத்தொண்ணு."

"அது எப்படிண்ணே தப்பாகும்? நீங்க எண்ணினீங்களா, இல்லையா?"

"மூணு நாளு எண்ணுனேன். மிச்ச நாளுக்கு அதையே பாத்து எழுதிட்டேன்."

அவள் பிரிண்டரை நிறுத்துவது போனில் கேட்டது. அவள் பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது. "எல்லாரும் உங்க கையெழுத்தை நம்பித்தானே கோடு போட்டோம். மாசக் கடைசிக்குள்ள கோப்பு மெட்ராஸ் போகலைன்னா இந்த வருசம் கட்டடமே கிடையாது."

"மாசக் கடைசிக்கு இன்னும் பத்து நாள் இருக்கே."

"அந்தப் பத்து நாளை யார் தருவா? வாய்ச்சொல்லா வந்து நிக்காதீங்கண்ணே. ஏதாவது தாள் கொண்டு வாங்க."

தாள். தங்கப்பாண்டி கூண்டுக்கு வெளியே வந்தார். தொண்டி வண்டி எட்டரைக்குத் திரும்பக் கிளம்ப வேண்டும். மணி எட்டு இருபத்தெட்டு. டிரைவர் ஏற்கெனவே எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டிருந்தார். கண்டக்டர் காஜா நவாஸ் படியில் ஒரு கால் வைத்து விசில் ஊதத் தயாராக நின்றார். பதினெட்டு வருடக் கண்டக்டருக்கு ஒரு விஷயம் தெரியும்: ஆளுக்குச் சீட்டுக் கிழிப்பது போலவே கூடைக்கும் லக்கேஜ் சீட்டு உண்டு. அது ஒவ்வொரு நடைக்கும் டிரிப் நோட்டில் ஏறும்.

"நவாசு, டிரிப் நோட்டக் குடு."

"என்னண்ணே, நீங்களே செக்கிங் வேலைக்கும் சேர்ந்துட்டீங்களா? நோட்டு இல்லாம வண்டி எடுத்தா என்னைத் தூக்கிருவாங்க."

"நோட்டு வேண்டாம். போட்டோ புடிச்சுக்கிறேன். இந்த மாசம் முழுக்க."

"எட்டரைக்கு எடுக்கணும்ண்ணே. பின்னாடி கவர்மெண்டு வண்டி வந்துருச்சு. நான் பிந்துனா தேவிபட்டினம் ஆளு பூரா அவன் வண்டியில ஏறிரும்."

"நான் நிப்பாட்டுறேன்."

இரண்டு வருடத்தில் அவர் யாருக்காகவும் ஒரு வண்டியை நிறுத்தி வைத்ததில்லை. கல்யாண வீட்டார் கெஞ்சியிருக்கிறார்கள், ஒரு தடவை பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் கையைப் பிடித்திருக்கிறான். அப்போதும் வேறு வண்டியைக் கைகாட்டிவிட்டுக் கூண்டுக்குள் போய்விட்டார். இன்று வண்டியின் முன்னால் போய்க் கையை உயர்த்தி நின்றார். காஜா நவாஸ் பக்கங்களைப் புரட்ட, போனில் ஒவ்வொன்றாகப் படம் பிடித்தார். இரண்டு படம் மங்கிவிட்டது, திரும்ப எடுத்தார். பின்னால் அரசுப் பேருந்து விடாமல் ஒலியெழுப்பியது. உள்ளேயிருந்து ஒருவர், "ஏலே, எடுக்கிறீகளா இல்ல எறங்கி நடக்கவா?" என்றார்.

எட்டு முப்பத்தைந்துக்கு வண்டி நகர்ந்தது. தங்கப்பாண்டி கூண்டுக்குள் வந்து சிவப்புப் பேனாவை எடுத்து, தாமதம் ஐந்து நிமிடம் என்று எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் தன் பெயரைப் போட்டார்.

கூட்ட அரங்கின் வாசலில் சங்கச் செயலாளர் சேதுபதி நின்றிருந்தார். தங்கப்பாண்டிக்குக் கூண்டு வேலை கொடுத்தவர் அவர்தான். வரைபடத்தில் கண்ணாடி போட்ட கட்டுப்பாட்டு அறை ஒன்று உண்டு. அது உனக்குத்தான் என்று போன மாதமே சொல்லியிருந்தார். அதை நம்பித் தங்கப்பாண்டி வரைபடத்தின் நகலை ஊருக்குக் கொண்டுபோய் வீட்டில் விரித்துக் காட்டியிருந்தார்.

"என்னப்பா, கண்ணாடி ரூமுக்குப் புதுச்சட்டை எடுத்தாச்சா?"

தங்கப்பாண்டி விஷயத்தைச் சொன்னார். சேதுபதியின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது.

"இன்னைக்கு ஒப்புதல் ஆகட்டும். அப்புறமாத் திருத்திக்கலாம்."

"சிமெண்டு போட்ட பெறகு எப்படிண்ணே திருத்துறது?"

"சங்கத்து ஆளே கள்ளக் கணக்கு எழுதுனான்னு பேராகணுமா? கேட்டா ஆமான்னு சொல்லு. சொல்லிட்டு உக்காரு."

அரங்கில் கூட்டம் நெருக்கியது. ஜுமானா திரையில் வரைபடத்தைக் காட்டிப் பேசினாள். மதுரைத் தடம், இராமேசுவரம் தடம், பரமக்குடித் தடம் என்று ஒவ்வொரு நடைமேடையாக வந்தாள். தொண்டித் தடம் வந்தபோது தண்ணீர் குடித்தாள். திரையில் அந்தத் தடத்துக்கு நேரே, "புறவழிச்சாலை" என்று இருந்தது. நகராட்சி ஆணையர் கோப்பைப் புரட்டினார்.

"கணக்கு எடுத்தவர் வந்திருக்காரா? சரியா எடுத்ததுதானே?"

தங்கப்பாண்டி எழுந்தார். முன்வரிசையிலிருந்து சேதுபதி திரும்பிப் பார்த்தார்.

"மூணு நாளு சரி சார். நாலு நாளு நான் எண்ணல. திங்கட்கிழமையப் பாத்து எழுதுனேன். நான் எண்ணுன மூணு நாளும் படகு கடலுக்குப் போற நாளு. மீனு வார நாள்ல நான் இங்கன இல்ல."

அரங்கில் சலசலப்பு எழுந்தது. ஆணையர் கையைக் காட்டி அடக்கினார். "எண்ணாமலே எண்ணியதா கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்படியே குறிச்சுக்கவா?"

"குறிச்சுக்கோங்க சார்." அவர் போனை நீட்டினார். "இது தொண்டி வண்டி டிரிப் நோட்டு. லக்கேஜ் சீட்டு மட்டும் பாருங்க. போன செவ்வாய் முப்பத்தொம்பது. வியாழன் நாப்பத்திமூணு. ஞாயிறு அம்பத்திரண்டு."

போன் கைமாறி ஆணையரிடம் போனது. அவர் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்க, ஜுமானா மேடையிலிருந்தே பேசினாள். "ஏழு நாள் கொடுங்க சார். நாளையிலிருந்து நானே நின்னு எண்ணுறேன். அடுத்த புதன்கிழமை திருத்தின வரைபடம் உங்க மேசையில இருக்கும். மாசக் கடைசி தாண்டாது."

ஆணையர் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். "அடுத்த புதன் பதினொரு மணி. ஒரு நிமிஷம் தாண்டினாலும் பழைய வரைபடம்தான் போகும்."

வெளியே வந்ததும் சேதுபதி கையை நீட்டினார். தங்கப்பாண்டி கூண்டுச் சாவியை அதில் வைத்தார்.

மறுநாள் புதன்கிழமை காலை ஏழரைக்கு ஜுமானா தாளோடு வந்தபோது அவர் ஏற்கெனவே கூண்டுக்கு வெளியே நின்றிருந்தார். அவள் வரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. எட்டு மணி வண்டியில் கூடையோடு இறங்கியவர்கள் நான்கு பேர். ஜுமானா அவரைப் பார்த்தாள். "புதன் சரிதாம்மா," என்றார் அவர். வியாழக்கிழமை நாற்பத்தாறு. வெள்ளி ஆறு, சனி ஐந்து. ஞாயிற்றுக்கிழமை பூமயில் இறங்கியதும் அவர் முன்னால் வந்து கூடையோடு ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். "நல்லாப் பாத்துக்கோங்க. பெறகு என்னைய எண்ணலன்னு சொல்லப்படாது." அன்று ஐம்பத்தொன்று.

அடுத்த செவ்வாய்க்கிழமை கடைசி வண்டியும் வந்துபோனபின் சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்து ஜுமானா வரைபடத்தை விரித்தாள். ஆறாவது நடைமேடை, மார்க்கெட் வாசலுக்கு நேர் எதிரே, பென்சிலில் தொண்டி என்று எழுதியிருந்தது. கூடை இறக்க ஒரு திட்டும் தண்ணீர் வடியச் சரிவும் வரைந்திருந்தாள். பிறகு கணக்குத் தாள்களை அவரிடம் நீட்டினாள்.

"என் கையெழுத்து எதுக்கும்மா? நீங்களே போடுங்க. அதுதான் செல்லும்."

"நானும் போட்டிருக்கேன். ஏழு நாளும் நின்னது ரெண்டு பேரு. இங்க ஒரு கையெழுத்துத்தான் இருக்கு."

அவர் பேனாவை வாங்கினார். முதல் தாளை எடுத்து, மேலே எழுதியிருந்த கிழமையை வாய்விட்டுப் படித்தார். எண்களின்மேல் விரலை ஓட்டிக்கொண்டு அடிவரை வந்தார். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தார். பதினான்கு தாள்களையும் முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஜுமானா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தாள்.