சாப்பாட்டு நேரத்தில் அத்தை கேட்ட கேள்வி

எங்கள் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, வில்லாபுரம் வீட்டு அடுப்படியில் ஒரு தடிப் புத்தகம் வைத்திருந்தார். எந்த மாத்திரை எதற்கு, எதோடு எதைச் சேர்க்கக் கூடாது, என்ன ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று சாதாரண ஆட்களுக்காகத் தமிழில் எழுதிய புத்தகம். வீட்டில் ஒருத்தரும் அதை மதிக்கவில்லை. "டாக்டரம்மா வாராங்க, எல்லாரும் நாக்க நீட்டுங்க" என்பார் பெரியப்பா. கூட்டமாகச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பெரியப்பாவுக்கு ஏற்கெனவே ஒருமுறை நெஞ்சுவலி வந்திருந்தது. ரத்தம் கட்டாமல் இருக்கத் தினமும் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். அதை ஒழுங்காகப் போட்டார். முட்டிவலிக்கு மட்டும் தெருமுனை மெடிக்கலில் போய், "ஒரு வேளைக்குக் குடுப்பா" என்று கேட்பார். கடைக்காரர் அட்டையில் இரண்டு மூன்றைக் கத்தரித்துக் காகித உறையில் போட்டுத் தருவார். மாத்திரையின் பேர் இருக்காது, கத்தரித்ததில் போயிருக்கும். தக்காளியை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து வாங்குகிற எங்கள் ஆட்கள், வயிற்றுக்குள் போகிற மாத்திரைக்குப் பேர்கூடக் கேட்பதில்லை. இது இன்றைக்கும் நடக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கறிச்சோறு தின்றுகொண்டிருந்தோம். பெரியப்பா முகம் வெளிறிப்போய்ப் பாதியில் கை கழுவினார். அத்தை அவரையே பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணே, வெளிக்குப் போறது கறுப்பாப் போகுதா?"

"திங்கிற நேரத்துல கேக்குற கேள்வியாடி இது?" என்று பெரியம்மா கத்தினார். அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தே போய்விட்டார்.

"தார் மாதிரிப் போகுதாண்ணே? சொல்லு."

"ஆமா, போகுது. அதையும் உம் புத்தகத்துல எழுதிருக்கானா?"

"எழுதிருக்கான்."

பெரியப்பாவின் சட்டைப்பையில் இருந்த உறையைப் பிடுங்கினார் அத்தை. புத்தகத்தை ஒரு கையிலும் என்னை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு மெடிக்கலுக்கு நடந்தார். உறையை நீட்டி, மாத்திரைக்குப் பேர் என்ன என்று கேட்டார்.

"பேரு தெரிஞ்சு என்னக்கா செய்யப் போறீங்க? பேரா வலியப் போக்குது?" என்றார் கடைக்காரர்.

"பேரு தெரியாதவனுக்கு உன் தங்கச்சியக் கட்டிக் குடுப்பியா? முழு அட்டைய எடு."

அட்டை வந்தது. அத்தை அங்கேயே நின்று, விரலை வரிமேல் ஓட்டிப் படித்தார். இந்த வலி மாத்திரை அந்த ரத்த மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசியலாம். மலம் கறுத்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ரத்த மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது, அவரைக் கேட்க வேண்டும். புத்தகம் அவ்வளவுதான் சொன்னது. அத்தையும் அதற்குமேல் ஒன்றும் முடிவு பண்ணவில்லை. ஆட்டோவைக் கூப்பிட்டு, வீட்டுக்குப் போய்ப் பெரியப்பாவை ஏற்றிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் புத்தகத்தைப் பார்த்ததும் எரிந்து விழுந்தார். "இதப் படிச்சிட்டு எனக்குப் பாடம் எடுக்க வந்தீங்களாம்மா? அப்ப நான் எதுக்கு?"

"கேக்கத்தான் வந்தோம், சார்" என்றார் அத்தை. வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அழுகை முட்டியது. அத்தை நாற்காலியைவிட்டு அசையவில்லை. டாக்டர் திட்டிக்கொண்டே பெரியப்பாவின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். வயிற்றை அமுக்கினார். திட்டு பாதியில் நின்றது. ரத்தம் எடுக்கச் சொன்னார், படுக்கை கேட்டார். பெரியப்பாவைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள்.

பொழுது சாய்ந்த பிறகு, இனிப் பயமில்லை என்று நர்ஸ் வந்து சொன்னார். அத்தை என்னைக் கேன்டீனுக்குக் கூட்டிப்போனார். இட்லியைச் சாம்பாரில் முக்கிமுக்கி அவ்வளவு சந்தோஷமாகத் தின்றார்.

"அம்புட்டுப் பேர் முன்னாடி திட்டுனாரே அத்தை, வெக்கமா இல்லையா?" என்று கேட்டேன்.

"திட்டிக்கிட்டே பார்த்தாருல்ல" என்று சொல்லிவிட்டு இன்னொரு இட்லி கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. அத்தை இடத்தில் நான் இருந்திருந்தால், முதல் திட்டிலேயே ரோஷப்பட்டு எழுந்து வந்திருப்பேன். பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு.