அப்பா கழிக்காத டைமன் ராணி

எங்கள் அப்பாவுக்குச் சீட்டில் தோற்கத் தெரியாது என்று மத்திகிரியில் எங்கள் தெரு முழுக்கப் பேச்சு. பரப்பியது நான்தான். அவர் வேலை பார்த்த தொழிற்சாலையின் விளையாட்டு விழாவில் கயிறு இழுத்தல், கேரம் இவற்றோடு பிரிட்ஜும் உண்டு. வருஷா வருஷம் ஒரு எவர்சில்வர் குடமோ டிபன் கேரியரோ ஜெயித்துக்கொண்டு வருவார். எங்கள் சமையலறையில் பாதி அப்படி வந்ததுதான்.

வார லீவு அன்று சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் பாய் விரிப்பார்கள். அப்பாவும் அம்மாவும் ஒரு கட்சி. அத்தையும் மாடி வீட்டு மாமாவும் எதிர்க்கட்சி. அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. டிப்ளமோ முடித்து, வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு எங்களோடு இருந்தாள். மாடி வீட்டு மாமா கன்னடக்காரர். நல்ல சீட்டு வந்தால் தமிழிலும், கெட்ட சீட்டு வந்தால் கன்னடத்திலும் பேசுவார். யார் பின்னால் வேண்டுமானாலும் நின்று பார்க்க எனக்கு அனுமதி உண்டு. மூச்சு மட்டும் விடக்கூடாது.

அந்தச் சமயத்தில் அத்தையைப் புனேயில் இருக்கும் பெரிய ஆலைக்கு அனுப்பக் கம்பெனியில் கேட்டிருந்தார்கள். போனால் பெரிய வேலை. ஆனால் உத்தனப்பள்ளியில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா சம்மதிக்க வேண்டும். அவர் பேச்சுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. அப்பா அவர் எதிரில் நாற்காலியில்கூட உட்காரமாட்டார். அத்தை சரியாகச் சாப்பிடாமல் தவித்துக்கொண்டிருந்தாள். எனக்கோ அவள் போகவே கூடாது. தலை பின்னிவிடுவது, கணக்குச் சொல்லித் தருவது, கேண்டீன் மைசூர்பாகில் பாதியைக் கடித்துவிட்டு மீதியைக் கொண்டுவந்து தருவது எல்லாம் அவள்தான். ஆலை தீப்பிடித்து எரியட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன்.

அப்படி ஒரு லீவு நாளில் பெரியப்பா சந்தையில் தக்காளியை இறக்கிவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றார்.

"உக்காருடா. பொட்டப்புள்ள தனியா பூனா போறதா? நீ இன்னா சொல்ற?"

"நான் இன்னாண்ணா சொல்றது?" என்று அப்பா சிரித்தார். "இந்த ஆட்டத்துல என்னை ஜெயிச்சா போவட்டும். தோத்தா இங்கியே கெடக்கட்டும்."

பெரியப்பாவுக்குத் தெரிந்த சீட்டு ரம்மி ஒன்றுதான். ஆனால் எங்கள் வீட்டுக் குடங்களின் கதை அவருக்குத் தெரியும். "இவளா? உங்கிட்டயா?" என்று தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "ஜெயிக்கட்டும், நானே டிக்கட் எடுத்துத் தரன்."

"ஆயித்து, நான் சாட்சி" என்றார் மாடி வீட்டு மாமா. வெளியாள் முன்னால் சொன்ன சொல்லைப் பெரியப்பா மாற்றவே மாட்டார். சொல் மாறியவன் சந்தையில் தலை காட்டக் கூடாது என்பது அவர் கட்சி.

நாலு பேரும் ஆளுக்கொரு சீட்டுப் போட, பெரிய சீட்டுக்காரர் அள்ளுவது ஒரு பிடி. பிரிட்ஜில் இத்தனை பிடி எடுப்பேன் என்று ஏலம் கேட்டுவிட்டால் எடுத்தே ஆக வேண்டும். ஒன்று குறைந்தாலும் தோல்வி. ஏலம் எடுத்தது அத்தை. அவளுக்கு டம்மியான மாடி வீட்டு மாமா தன் சீட்டையும் அவளே ஆடும்படி எல்லாவற்றையும் பரப்பி வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். டம்மிக்கு வாய் கிடையாது. முதல் சீட்டு விழுந்ததும் அத்தை ஒன்றும் ஆடாமல் கண்ணை மூடி விரல்களை மடக்கினாள்.

"தூங்கறாளா?" என்றார் பெரியப்பா.

"கணக்குப் போடறாங்க" என்றாள் அம்மா.

நான் அப்பாவின் பின்னால் நின்றேன். அத்தை டைமன் ஏஸை இறக்கினாள். அடுத்து டம்மியிலிருந்து டைமன் ராஜா. அப்போது அப்பாவிடம் டைமனில் ராணியும் ஏழும்தான் மிச்சம். அவர் விரல் ராணியின் மேல் போய் நின்றது. பிறகு ஏழைப் போட்டார். சரிதானே, ராணியை யாராவது சும்மா தூக்கி எறிவார்களா?

கடைசியில் ஆளுக்கு மூன்று சீட்டு நின்றது. அத்தைக்கு இன்னும் இரண்டு பிடி வேண்டும். அப்பா கையில் அந்த டைமன் ராணி, கிளாவர் ராஜா, ஒரு சின்ன கிளாவர். அத்தையிடம் கிளாவரில் ராஜாவுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, கூடவே ஒன்றுக்கும் உதவாத ஒரு சின்ன டைமன். அவள் அந்த உதவாத டைமனைத்தான் இறக்கினாள்.

"பேடம்மா!" என்று டம்மி வாயைத் திறந்துவிட்டது.

"வேணாம்னு அவரே சொல்றாரு பாரு. அவளே தூக்கிக் குடுக்கறா!" என்று பெரியப்பா குதூகலித்தார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அத்தை ஏன் வேண்டுமென்றே தோற்கிறாள் என்பது மட்டும் புரியவில்லை.

அப்பா ராணியைப் போட்டுப் பிடியை எடுத்தார். பிடி எடுத்தவர்தான் அடுத்த சீட்டை இறக்க வேண்டும். கையில் இருப்பதோ இரண்டு கிளாவர். சின்னதை இறக்கினால் அத்தை கீழ்ச் சீட்டாலேயே எடுத்துவிடுவாள். ராஜாவை இறக்கினால் மேல் சீட்டால் அடிப்பாள். எதைப் போட்டாலும் இரண்டு பிடியும் அவளுக்கே. அப்பா சின்னதைப் போட்டார். அத்தை கீச்சென்று கத்திக்கொண்டு அம்மாவைக் கட்டிப்பிடித்தாள்.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "சொன்னது சொன்னதுதான்" என்றவர், காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

அவர் தலை மறைந்ததும் அம்மா சமையலறையில் அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "எங்கிட்ட டைமன் ஜாக்கி இருக்கறது உங்களுக்குத் தெரியும் இல்ல? ராணிய முன்னாடியே கழிச்சிருந்தா அந்தப் பிடி எனக்கு வந்திருக்கும். என் பக்கத்துல இருந்து கிளாவர் வந்திருந்தா, உங்களுக்கு முன்னாடியே சீட்டுப் போட வேண்டி வந்து உங்க தங்கச்சி மாட்டியிருப்பா."

"மறந்துட்டன்" என்றார் அப்பா.

"மறப்பீங்க, மறப்பீங்க" என்று அம்மா சிரித்தாள்.

நான் அதை அப்படியே நம்பினேன். அப்பாவுக்கு மறதி வந்துவிட்டதென்று பயந்து, வல்லாரைக் கீரை வாங்கச் சொல்லி அம்மாவை நச்சரித்தேன். அத்தை இன்றைக்கும் தீபாவளிக்கு வந்தால் அண்ணனையே மடக்கிய கதையை எல்லாருக்கும் சொல்கிறாள். அப்பா தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்கிறார். கல்லூரியில் நானே பிரிட்ஜ் ஆடக் கற்று, ஒரு ராணியைத் தூக்கி எறியக் கை வராமல் விழித்த அன்றுதான் அவர் எதையும் மறக்கவில்லை என்று எனக்கு உறைத்தது. அண்ணனை எதிர்த்துப் பேச முடியாத மனுஷர் வேறு என்ன செய்வார்?

ஆனால் அத்தை புனே கிளம்பிய அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது. அவளை ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பெங்களூர் வண்டி ஏற்றிவிடப் போனோம். கூட வேலை செய்யும் இரண்டு பெண்களோடு அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கையை ஆட்டினாள். வண்டி வளைவில் திரும்பியது. எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"நீ ஜெயிச்சிருந்தா அத்தை இங்கியே இருந்திருப்பாங்க இல்ல?"

"ஆமாங்கண்ணு" என்றார் அப்பா. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வழிந்தது. ஒரு ஆட்டம் தோற்றதற்கா இவ்வளவு பெரிய ஆள் இப்படி அழுவார் என்று எனக்கு ஒரே ஆச்சரியமாக இருந்தது.