அரபிக் கடலில் ஒரு பக்

திண்டுக்கல்லில் பள்ளிக்கூட மென்பொருள் செய்கிற சின்னக் கம்பெனி எங்களுடையது. நான் அங்கே டிசைனர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இந்திய வரைபடத்தில் ஆறு, மலை, ஊர்களைத் தொட்டுத் தொட்டுப் படிக்கிற பாடம் ஒன்றைச் செய்து, ஆத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் சோதனைக்குக் கொடுத்திருந்தோம். முதல் வாரமே தலைவலி ஆரம்பித்தது.

பிள்ளைகள் டேப்லெட்டில் தொடுகிற இடமெல்லாம் எங்களுக்குச் சிவப்புப் புள்ளியாகப் பதிவாகும். ஹீட் மேப் என்போம். அதில் பார்த்தால் குஜராத்துக்கு இடப்பக்கம், திரையின் ஓரத்தில், வெறும் கடலில் அம்மை போட்ட மாதிரி ஒரே சிவப்பு. அத்தனையும் ஒரே டேப்லெட்டில் இருந்து வந்தவை. அங்கே தொடுவதற்கு நாங்கள் எதையும் வைக்கவில்லை.

முதலாளி ஆரோக்கியம் சார் இது புரோகிராமில் உள்ள பக், அதாவது பிழை என்றார். புரோகிராமர் பாண்டி, டேப்லெட்டின் டச் போய்விட்டது என்று சத்தியம் பண்ணினான். இரண்டு பேரும் மல்லுக்கு நின்றுகொண்டிருக்க, நான் அந்தப் பள்ளிக்குப் பஸ் ஏறிவிட்டேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி.

டேப்லெட் நன்றாகத்தான் இருந்தது. அதை வைத்திருந்தவள் கனிஷ்கா என்ற பெண். பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். கோதாவரியைத் தொடு என்று பாடம் கேட்டது. அவள் கடலைத் தொட்டாள். "அங்கே ஒண்ணுமே இல்லையே, வேற இடம் பாரு" என்றது டேப்லெட். அது என் குரல். ஆள் வைத்துப் பதிவு செய்ய வசதியில்லாமல் நானே பேசியது. கலகலப்பாக இருக்கட்டும் என்று சிரித்துக்கொண்டே வேறு பேசியிருந்தேன். அவள் மறுபடியும் அதே இடத்தைத் தொட்டாள்.

ஏன் அங்கேயே தொடுகிறாய் என்று கேட்டேன். சட்டென்று திரும்பி என் வாயைப் பார்த்தாள்.

"நீங்கதான டீச்சர் இதுல பேசுறது?"

ஆமாம் என்றேன், கொஞ்சம் பெருமையாகத்தான்.

"எங்கப்பா மஸ்கட்டுக்கு வேலைக்குப் போயிருக்காரு. இந்தப் பக்கந்தான்னு குளோப்ல பாத்தேன். நாலஞ்சு நாளா போன் வரல. அங்க ஒண்ணுமே இல்லையா டீச்சர்?"

என் போனில் உலக வரைபடத்தைத் திறந்து மஸ்கட்டைக் காட்டினேன். "ஊரு அங்கதாம்மா இருக்கு. இந்தப் படத்துக்கு அம்புட்டுத் தூரம் தெரியல" என்றேன். தலையாட்டினாள்.

ஆபீசுக்கு வந்து, வரைபடத்தைப் பெரிதாக்க வேண்டும் என்று அடம்பிடித்தேன். ஆரோக்கியம் சார் நல்ல மனுஷர்தான். ஆனாலும் பாடத்திட்டத்தில் இந்தியா மட்டும்தான் இருக்கிறது, கை வைத்தால் அப்ரூவல் போய்விடும் என்றார். பிறகு அவரே, "ஒங்க குரல நீங்க மாத்திக்கங்க. அதுக்கு யாரு அப்ரூவல் கேக்கப் போறாக?" என்றார்.

ஸ்டோர் ரூமில் ஃபேனை நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்க, சிரிக்காமல் பதிவு செய்தேன். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களிடம் இன்றைக்கும் இதைச் சொல்கிறேன்: நாம் எதுவும் வைக்காத இடம் வெற்றிடம் இல்லை. பிள்ளை தொட்ட இடம் எதுவென்று நமக்குத் தெரியாவிட்டால், தெரியாது என்று மென்பொருளைச் சொல்ல வையுங்கள்.

அடுத்த வாரம் புதிய வெர்ஷனோடு போனேன். கனிஷ்கா டேப்லெட்டை வாங்கியதும் நேராகக் கடலோரத்துக்குத்தான் போனாள்.

"இந்த இடம் எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா?" என்றது டேப்லெட்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. டேப்லெட்டை வாய்க்குப் பக்கத்தில் தூக்கி, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்:

"அது மஸ்கட்டு. எங்கப்பா அங்கதான் இருக்காரு. நேத்து பேசுனாரு."