சிங்கப்பூர் வேலைக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு: நான் கெடுத்த ஒரு பயணம்

குடிநுழைவு, அதாவது இமிகிரேஷன் கவுண்டரில் என்ன பேசலாம், என்ன பேசக்கூடாது என்று இந்தப் பக்கத்தில் முன்பு ஒரு பதிவு போட்டிருந்தேன். இங்கே அதிகம் படிக்கப்பட்டது அதுதான். நேற்று அதை நீக்கிவிட்டேன். ஏன் நீக்கினேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நேரம், தூரம், செலவு எல்லாம் வழக்கம்போலத் தருகிறேன். கூடவே நான் தலைகுனிய வேண்டிய ஒரு விஷயமும் வரும். அதைத் தாண்டிப் போய்விடாமல் படியுங்கள்.

போன வருடம் தீபாவளி முடிந்து மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை. என் அண்ணன் மனைவி புஷ்பா அண்ணிக்குச் சிங்கப்பூரில் ஒரு சலவை ஆலையில் வேலை கிடைத்திருந்தது. அண்ணன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவர். இடுப்பில் அடிபட்டு ஒரு வருடமாக மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துச் சிம்பாங் ரெங்கத்தில் வீட்டோடு இருந்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் இடைநிலைப் பள்ளியில். அண்ணிக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது, பாஸ்போர்ட் எடுத்ததே அந்த வேலைக்காகத்தான். அந்தச் சம்பளத்தை நம்பித்தான் மொத்தக் குடும்பமும் இருந்தது.

கம்பெனி எல்லாவற்றையும் முறையாகவே செய்திருந்தது. வேலை அனுமதிக்கு விண்ணப்பித்து, முன் ஒப்புதல் கடிதம் வாங்கி அனுப்பியிருந்தார்கள். ஐபிஏ கடிதம் என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். கடிதத்தோடு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்தால், மருத்துவப் பரிசோதனையும் கைரேகைப் பதிவும் முடித்து வேலையில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அண்ணிக்கு ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலத்தைத் தாண்டிப் பழக்கமில்லை. வீட்டில் ‘விசா எக்ஸ்பர்ட்’ என்று பெயர் வாங்கிய நான்தான் கூட்டிப்போக வேண்டும் என்று அண்ணன் கேட்டார். நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு கிளம்பினேன்.

நான் இருப்பது கூலாயில். காலை ஐந்தே காலுக்குச் சிம்பாங் ரெங்கத்தில் அண்ணியை ஏற்றிக்கொண்டேன். அங்கிருந்து ஜொகூர் பாருவுக்கு நெடுஞ்சாலையில் சுமார் எண்பது கிலோமீட்டர். செடெனாக் தாண்டும்வரை இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம்தான், கார் பறக்கும். ஸ்கூடாய் நெருங்கியதும் ஊர்ந்தோம். எல்லைச் சோதனைச் சாவடி அருகே ஒரு கட்டண நிறுத்துமிடத்தில் காரை விட்டபோது மணி ஆறு ஐம்பது. நாள் வாடகை இருபது ரிங்கிட். பக்கத்துக் கடையில் நாசி லெமாக் சாதம் இரண்டு பொட்டலம், தேத்தாரே டீ இரண்டு, மொத்தம் பதினொரு ரிங்கிட்.

அந்தக் கடையில் உட்கார்ந்துதான் நான் வேலையைக் காட்டினேன். கடிதத்தைக் கேட்டு வாங்கி, அண்ணியின் பையில் துணிகளுக்கு அடியில், துண்டுக்குள் சுருட்டி வைத்தேன். இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டையை முந்தின நாளே நான் நிரப்பியிருந்தேன். வருகையின் நோக்கம் என்ற இடத்தில் ‘சுற்றுலா’ என்று போட்டிருந்தேன்.

“கவுண்டர்ல கேட்டா மக்கான் பண்ண, சாப்பிட்டுப் போக வந்தேன், சாயங்காலம் திரும்பிடுவேன்னு சொல்லுங்க அண்ணி. எத்தனை தடவ கேட்டாலும் அதையே சொல்லுங்க. வேலைன்னு வாயையே திறக்காதீங்க.”

அண்ணி கொஞ்சம் யோசித்தார். “லெட்டர் இருக்குதானே கலா? காட்டினா என்ன?” என்று கேட்டார்.

கேட்காத பேப்பரை நீட்டினால் கேட்காத கேள்வியெல்லாம் வரும் என்று நான் சொன்னேன். நீக்கிய அந்தப் பதிவில் எழுதியிருந்ததும் இதைத்தான். இது என் கண்டுபிடிப்பு இல்லை. எங்கள் வீட்டில் சட்டம் மாதிரி இருந்த ஒன்று. அப்பா ஐம்பது வயது வரைக்கும், குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்தவர். இந்த மண்ணில் பிறந்து, குடியுரிமைக்காக அலுவலகம் அலுவலகமாக நின்றவர். ஒரு பேப்பரைக் காட்டினால் இன்னொன்று கேட்பார்கள், அதைக் கொண்டுபோனால் மூன்றாவது கேட்பார்கள். அப்பாவும் அவருடைய சிநேகிதர்களும் அந்தக் காலத்தில் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போனபோது, ‘சாப்பிட வந்தோம், சொந்தக்காரரைப் பார்க்க வந்தோம்’ என்று சொல்லித்தான் உள்ளே போவார்கள். அவர்களிடம் அனுமதி இல்லை, அதனால் சொன்னார்கள். அண்ணியிடம் முத்திரை குத்தாத குறையாக எல்லாமே இருந்தது. அந்த வித்தியாசம் என் மண்டைக்கு ஏறவே இல்லை.

மலேசியப் பக்கம் கால் மணி நேரத்தில் முடிந்தது. சிங்கப்பூர்ப் பக்கத்துச் சோதனைச் சாவடியான உட்லண்ட்ஸ் போகும் பேருந்துக்கு ஆளுக்கு இரண்டு ரிங்கிட் அறுபது சென், கார்டைத் தட்டினால் போதும். பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான், அன்றைக்கு அதைத் தாண்ட முப்பத்தைந்து நிமிடம் ஆனது. அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, நான் சொல்லிக்கொடுத்ததை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

எட்டரை மணி இருக்கும். நான் அடிக்கடி போய்வருகிறவள் என்பதால் தானியங்கி வாசல் வழியாகப் போனேன். கதவு திறந்தது, முடிந்தது. அண்ணி முதல் முறை வருகிறவர், கவுண்டருக்குப் போகச் சொன்னார்கள். நான் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம் ஆனது, பிறகு பத்து நிமிடம் ஆனது. அண்ணி திரும்பத் திரும்ப ஒரே விஷயத்தைச் சொல்வது அவர் தலையசைப்பிலேயே தெரிந்தது. சாயங்காலம் திரும்பிவிடுவேன் என்று சொல்கிறவர் கையில் ஒரு மாதத்துக்கான துணி அடைத்த பை. யார் நம்புவார்கள்?

ஒரு பெண் அதிகாரி வந்து அண்ணியைத் தனி அறைக்கு அழைத்துப் போனார். தமிழ்ப் பெண், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். போகிற வழியில் என் முன்னால் நின்றார். நான் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கவனித்திருக்க வேண்டும்.

“நீங்க இவங்க கூட வந்தவங்களா?” என்று கேட்டார். குரலில் அதட்டல் எதுவும் இல்லை.

அடுத்த வாரம் எனக்குச் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து ஹனோய்க்கு விமானம். ஒரு கணத்தில் அதுதான் மனதில் ஓடியது. என் பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொள்வார்கள், பெயரைக் குறித்துக்கொள்வார்கள், இனிமேல் ஒவ்வொரு தடவையும் நிறுத்துவார்கள் என்று பயந்தேன். “இல்ல” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பஸ்ஸில்தான் பார்த்தேன், வழி கேட்டார், சொன்னேன் என்று ஒரு கதையையும் சேர்த்தேன்.

அதிகாரி அண்ணியைப் பார்த்தார். அண்ணி என்னைப் பார்த்தார். எனக்குக் கல்யாணம் பேசி நின்றுபோனபோது பத்து நாள் என் பக்கத்திலேயே படுத்துக்கொண்ட பெண் அவர். என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது.

“ஆமாம்மா. பஸ்ஸுல வழி கேட்டேன், அவ்ளோதான்” என்றார் அண்ணி.

நான் வெளியே வந்தேன். அடுத்த பேருந்தைப் பிடித்து, வந்த வழியே திரும்பினேன். காலையில் சாப்பிட்ட அதே கடையில் ஒன்பது ஐம்பதிலிருந்து உட்கார்ந்திருந்தேன். எத்தனை தேநீர் குடித்தேன் என்று நினைவில்லை. சலவை ஆலைக்குப் போன் செய்து அண்ணி தாமதமாக வருவார் என்று சொல்லலாமா என்று நினைத்தேன். யார் பேசுவது என்று கேட்டால் என்ன சொல்வது என்று பயந்து அதையும் செய்யவில்லை.

ஒன்று இருபதுக்கு அண்ணி வந்தார், பையோடு. நுழைய அனுமதி மறுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பையைத் திறந்து பார்த்தபோது துண்டுக்குள் கடிதம் கிடைத்திருக்கிறது. அதற்குள் அண்ணி நான்கு தடவை வேலைக்கு வரவில்லை என்று சொல்லி முடித்திருந்தார். வருகை அட்டையிலும் பொய். அந்தப் பெண் அதிகாரிக்கே வருத்தம்தானாம். “அக்கா, இந்த லெட்டர முதல்லயே காட்டியிருந்தா இந்நேரம் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்திருப்பீங்க” என்று சொன்னாராம். யார் இப்படிச் சொல்லிக்கொடுத்தது என்றும் கேட்டிருக்கிறார். யாரும் இல்லை, நானாகத்தான் பயந்துவிட்டேன் என்று அண்ணி சொல்லியிருக்கிறார்.

இதையெல்லாம் காரில் எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் எதற்காகக் கேட்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் ஸ்கூடாய் நெரிசலைப் பற்றிப் பேசிக்கொண்டே ஓட்டினேன்.

வீட்டில் அண்ணன் கேட்டபோது, “பயத்துல உளறிட்டேங்க” என்று மட்டும் அண்ணி சொன்னார். கம்பெனி இரண்டு நாள் பார்த்துவிட்டு வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டது. அண்ணி பக்கத்து ஊரான யோங் பெங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவப் போனார், ஐந்து மாதம். ஒரு கவுண்டரில் நின்று நாலு வார்த்தை ஒழுங்காகப் பேசத் தெரியவில்லை என்று அண்ணன் போகிற வருகிற இடத்திலெல்லாம் சொன்னார். தைப்பூசத்துக்கு எல்லாரும் கூடியிருந்தபோது, புஷ்பாவுக்குச் சிங்கப்பூரில் சாப்பாடு போடவில்லையாம் என்று யாரோ கிண்டல் செய்ய, வீடே சிரித்தது. அண்ணியும் சிரித்தார். நானும் சிரித்தேன். இந்தக் கட்டுரையில் நான் எழுதத் தயங்கிய வரி அதுதான். பொய் சொன்னதைக்கூடப் பயம் என்று சமாதானம் செய்துகொள்ளலாம். அந்தச் சிரிப்புக்கு என்ன சமாதானம் சொல்வது?

இந்த வருடம் ஏப்ரலில் அண்ணிக்கு வேறொரு சலவை ஆலையிலிருந்து புதிய கடிதம் வந்தது. முன்பு திருப்பி அனுப்பப்பட்டதைக் கம்பெனியிடம் அவரே சொல்லி, அவர்கள் சிங்கப்பூர் அதிகாரிகளிடம் முறைப்படி எழுதிக் கேட்டுத்தான் ஒப்புதல் கிடைத்தது. நான் கூட வருகிறேன் என்று போன் செய்தேன்.

“வேணாம் கலா. கூட யாரு வந்ததுன்னு கேட்பாங்க. இந்த தடவ உண்மைய மட்டுந்தான் சொல்லணும்னு இருக்கேன். தனியா போனா சுலபம்லா” என்றார்.

தனியாகவே போனார். கவுண்டரில் பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் கடிதத்தையும் வைத்தாராம். பன்னிரண்டு நிமிடத்தில் வெளியே. இப்போது ஜொகூர் பாருவில் மூன்று பெண்களோடு ஒரு அறையில் தங்கி தினமும் போய்வருகிறார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவார்.

சரி, போகிறவர்களுக்கு வருகிறேன். மலேசியர்கள் சிங்கப்பூருக்குள் நுழைய விசா தேவையில்லை. ஆனால் நுழைவது வேறு, வேலை செய்வது வேறு. வேலைக்கென்றால் முன் ஒப்புதல் கடிதம் கையில் வராமல் கிளம்பாதீர்கள். ‘வந்துடு, அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று யாராவது சொன்னால் அந்த ஆளையே நம்பாதீர்கள். கடிதத்தில் உள்ள பெயரும் எண்ணும் பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாதமாவது உயிர் இருக்க வேண்டும். வருகை அட்டைக்குக் கட்டணம் கிடையாது, வந்துசேரும் நாளையும் சேர்த்துக் கடைசி மூன்று நாளுக்குள் நிரப்பலாம். காசு கேட்கும் இணையப் பக்கம் எதுவும் அரசாங்கத்துடையது அல்ல. விதிகள் மாறும், அதனால் என் பேச்சையும் நம்பாமல் அதிகாரபூர்வப் பக்கத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். நோக்கம் என்ன என்று கேட்கும் இடத்தில் உண்மையான நோக்கத்தைப் போடுங்கள். கடிதத்தைப் பையின் அடியில் வைக்காதீர்கள், கையில் வைத்திருங்கள். பதினோரு மணிக்கு வரச் சொன்னால் ஜொகூர் பாருவில் ஏழு மணிக்கு இருங்கள். கூட்டிப்போகிறவர்களுக்கும் ஒன்று: உங்கள் கூட வந்தவரா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லுங்கள். அதற்கு எந்தத் தண்டனையும் கிடையாது. நான் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

அண்ணா, இந்தப் பக்கத்தில் ஒரு பதிவையும் விடாமல் படிக்கிறவர் நீங்கள். தங்கச்சி எவ்வளவோ முயற்சி செய்தாள், இவள்தான் கெடுத்துக்கொண்டாள் என்று இன்னும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அண்ணி உளறவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததை ஒரு வார்த்தை மாறாமல் சொன்னார். படித்து முடித்ததும் எனக்குப் போன் செய்யாதீர்கள். அண்ணிக்குச் செய்யுங்கள். அவருக்கு நான்கு மணிக்கு ஷிஃப்ட் முடியும்.