சந்தனக் கன்றும் மூன்று விரல்களும்

கண்டாச்சிபுரத்தில் இலவச மரக்கன்று கொடுக்கப் போனபோது அந்த விவசாயியைப் பார்த்தேன். வலக்கையில் மூன்று விரல்கள்தான். இல்லாத விரல்களின் இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் நீட்டிய சந்தனக் கன்றை வாங்கி, கோழிக் கழுத்தைத் திருகுவதுபோல் திருகி எறிந்தார்.

"ஏங்க?"

"எங்க கொல்லையில பெரிய சந்தன மரம் நின்னுச்சு சார். என் மரந்தான், ஆனா பர்மிஷன் இல்லாம வெட்டக் கூடாது. மனு போட்டுட்டு காத்துக்கினு இருந்தேன். திருடனுங்க வந்து அறுத்தானுங்க. மரத்தக் கட்டிப் புடிச்சேன், விரலு போச்சு. ஃபாரஸ்ட் ஆபீசருங்க ஆஸ்பத்திரிக்கே வந்து, 'கட்டைய எங்கடா ஒளிச்ச'ன்னு என்னையே கேட்டாங்க."

என் தட்டில் மிச்சமிருந்த சந்தனக் கன்றுகளைப் பார்த்தார்.

"அதையும் குடுங்க. இன்னொருத்தன் விரலாவது மிஞ்சட்டும்."

கொடுத்தேன். ஒவ்வொன்றாகத் திருகினார். ஏனோ தெரியவில்லை, கடைசிக் கன்றை நானே திருகினேன்.