துபாய்க்குக் கேட்க வேண்டுமே என்று

திருவாடானைப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். போன வருடம், துபாயில் வசிக்கும் கீழக்கரைக் குடும்பம் ஒன்று, தங்கள் மகள் நஸ்ரினுக்குக் கம்ப்யூட்டர் வழியாகத் தமிழ் கற்றுத்தர முடியுமா என்று கேட்டது. படம் தெரியாது, குரல் மட்டும்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கில் பாடம் நடத்தினேன்.

எங்கள் வீட்டில் வெளிநாட்டுக்குப் போன் பேசினால் கத்தித்தான் பேசுவோம். தூரம் அப்படி. அதே பழக்கத்தில் மைக்கிலும் கத்தினேன்.

நான்காம் நாள் நஸ்ரினின் அம்மா போன் செய்தார். "டீச்சர், பிள்ளை வகுப்புக்கு வரமாட்டேன்னு அழுவுறா. ஏன் இப்புடி ஏசுறீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. ஒரு நாளும் நான் அவளை ஏசியதில்லை. மகள் திரும்பக் கேட்கட்டும் என்று பதிவு செய்து வைத்திருந்த பாடத்தை அவர் எனக்கு மெயிலில் அனுப்பினார். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன். 'அம்மா, ஆடு, இலை' என்பதையே யாரோ சண்டைக்கு நிற்பதுபோல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த யாரோ நான்தான்.

"இதைத்தான நம்ம தெருவே நாலு நாளாக் கேக்குது" என்றார் என் வீட்டுக்காரர்.

இப்போதெல்லாம் பாடம் தொடங்குமுன் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு, அதில் பிள்ளை உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பேசுகிறேன். முதல் நிமிடத்தைப் பதிவு செய்து நானே கேட்டுப் பார்த்தும் விடுகிறேன்.

அப்படிப் பேசிய முதல் நாள், நஸ்ரின் மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர், நீங்க துபாய் வந்துட்டீங்களா?"